கிறவல் குழுவின் பாட்டுக்காரி

நிரோஜா பாட்டுக்காரியானது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், சண்டை பிடிக்கப் போன இடத்தில்.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. கனகராயன்குளத்திலிருந்து உள்ளே போகும், சிவப்புச் சரளை மண் போட்ட கிறவல் வீதியில் அவர்களுடைய குடியிருப்பு. ஏ-ஒன்பது வீதியோரத் தையல் தொழிற்சாலை ஒன்றில் சட்டைகளுக்குக் கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். திங்கள் முதல் சனி வரை, வெளிச்சம் வருமுன்னே தொழிற்சாலை பஸ் சந்தியில் வந்து ஹோர்ன் அடிக்கும். ஞாயிறு ஒன்றுதான் அவளுக்கு நித்திரை. அந்த ஞாயிற்றையும் அவளுடைய தம்பி ஜனகனும் அவனுடைய கூட்டாளிகள் இருவரும் கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டு வேலிக்கு அங்கால் சிற்றம்பலத்தாரின் சீமெந்துக்கல் அரியும் கொட்டில். வீட்டுத்திட்டங்கள் முடிந்த பிறகு கல் வாங்க ஆளில்லாமல் அது பூட்டிக் கிடந்தது. சிற்றம்பலத்தாரின் மகன் நிருஷன் அதைத் திறந்து, தூசி தட்டி, அம்பிளிபயரும் ஸ்பீக்கரும் கொண்டுவந்து வைத்தான். அவன் சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருந்தவன். நோர்வேயிலிருந்த பெரியப்பா மகன் ஒருவன் தான் பாவித்த மின்கிற்றாரை அவனுக்கு அனுப்பியிருந்தான். கூடவே பங்க் பாட்டுகளையும் அனுப்பினான். கிற்றாரில் மூன்று பிடி தெரிந்தால் போதும், குரல் இனிமையாக இருக்கத் தேவையில்லை, சொல்ல ஏதாவது இருந்தால் சத்தமாகச் சொல்லலாம் என்பதுதான் அந்த இசையின் சட்டம் என்று நிருஷன் விளங்கிக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த விதுசனை பேஸ் கிற்றாருக்குப் பிடித்தான். ட்ரம்ஸுக்கு ஜனகன் வந்தான். பாடுவதற்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. நிருஷனே ஆங்கிலத்தில் பாடிப் பார்த்தான். அது என்ன மொழி என்று விதுசன் ஒருநாள் உண்மையாகவே கேட்டான்.

அந்த ஞாயிறு நிரோஜா தலையணையால் காதைப் பொத்திப் பார்த்தாள். பிறகு எழும்பினாள். சீப்பு வைக்காத தலையோடு வேலிக் கடப்பால் போய்க் கொட்டில் கதவைத் தள்ளினாள்.

"டேய், நிப்பாட்டுங்கோடா!"

ஒருவருக்கும் கேட்கவில்லை. நடுவில் மைக் ஆளில்லாமல் நின்றது. அதைப் பிடுங்கினாள்.

"கிழமையில ஒரு நாள்தான் மனுசருக்கு நித்திரை! ஒரு நாள்! ஒரு நாள்!"

ஜனகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா 'ஒரு நாள்' என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவன் ட்ரம்மில் ஓங்கி ஓர் அடி வைத்தான். அவளுக்கு இன்னும் கோபம் ஏறியது. தொழிற்சாலை பஸ்ஸைச் சொன்னாள், மேற்பார்வையாளரின் விசிலைச் சொன்னாள், முதுகு வலியைச் சொன்னாள், ஒவ்வொன்றின் முடிவிலும் 'ஒரு நாள்' என்று கத்தினாள். நிருஷன் கிற்றாரைத் தொடங்கியதை அவள் கவனிக்கவில்லை. கவனித்தபோது தான் தாளத்தில் நிற்பது தெரிந்தது. வாயை மூடினாள்.

நிருஷன் மெதுவாகச் சொன்னான்: "அக்கா, அதை ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ."

"எதை?"

"முழுக்க."

அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். அடுத்த ஞாயிறு தானாகவே வந்தாள். ஏன் போனாய் என்று பிற்காலத்தில் கேட்டவர்களுக்கு, "எப்பிடியும் நித்திரை கொள்ள விடமாட்டாங்கள், கத்தியாவது பாப்பம் எண்டு போனனான்" என்றாள்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பது குடும்பத்துக்குத் தெரியும். யுத்தம் முடிந்த வருடம் அவளுக்குப் பன்னிரண்டு வயது. செட்டிகுளத்து அகதி முகாமில் தண்ணீர் வரிசையில் வாளியோடு இடம் பிடித்து நிற்பது அவளுடைய வேலையாக இருந்தது. தகப்பனுக்குக் காலில் காயம், தாய் கைக்குழந்தைக்காரர்களுக்கு உதவிக்கொண்டிருந்தாள். பெரிய ஆட்கள் தள்ளிக்கொண்டு முன்னே போவார்கள். சின்னப் பிள்ளை ஒருத்தி அவர்களை நிறுத்துவதென்றால் தொண்டையால்தான் நிறுத்த வேண்டும். அங்கிருந்து வந்த பிறகு அவளுடைய குரல் பழையபடி மெலியவில்லை. பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர் அவளைப் பின்வரிசையில் நிற்பாட்டி, வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்.

குழுவுக்குக் 'கிறவல்' என்று பெயர் வைத்தது விதுசன். நால்வரும் பள்ளிக்கூடம் போனதும் வேலைக்குப் போவதும் அந்தச் சிவப்புக் கிறவலைத் தின்றுகொண்டுதான் என்றான். மற்றவர்களுக்கும் அது பிடித்தது.

அவர்களின் முதல் மேடை சித்திரைப் புதுவருட விளையாட்டு விழா. சைக்கிள் ஓட்டத்துக்கும் பரிசளிப்புக்கும் இடையில் கொஞ்ச நேரம் கிடைத்தது. மூன்று ஆங்கிலப் பாட்டுகளை அடித்தார்கள். நிரோஜா அவற்றைத் தமிழெழுத்தில் எழுதி மனனம் செய்திருந்தாள். "சினிமாப் பாட்டுப் பாடுங்கோ" என்று ஒருவர் கத்தினார். பிறகு பலர் கத்தினார்கள். ஐஸ்கிறீம் வான் வண்டியின் மணிச்சத்தத்துக்குப் போன சனம் திரும்பி வரவில்லை. கடைசியில் ஜனகன் 'ஒரு நாள்' அடியைத் தொடங்கிவிட்டான். நிரோஜா வேறு வழியில்லாமல் பஸ்ஸையும் விசிலையும் கத்தினாள். தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் சிலர் ஒரு வேம்பின் கீழ் நின்றிருந்தார்கள். அவர்கள் சிரித்தார்கள். இரண்டாவது தடவை அவள் 'ஒரு நாள்' என்றபோது அவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

நிருஷன் அன்று பின்னேரம் முழுக்க அதைப்பற்றியே கதைத்தான். அடுத்த ஞாயிறு போனில் சில பாட்டுகளைக் கொண்டுவந்து போட்டான். ஒன்றில் ஐயர்லாந்துக்காரர் தங்கள் கிராமத்துப் பாட்டைப் பிடிலும் அக்கோடியனுமாக, துரத்தப்பட்டவர்கள்போல் வாசித்தார்கள். இன்னொன்றில் அமெரிக்காவில் மாட்டுப்பண்ணைப் பக்கத்துப் பாட்டு ஒன்றை இரண்டு மடங்கு வேகத்தில் அடித்தார்கள். அதன் ட்ரம் ஓட்டத்தைக் கேட்ட ஜனகன், "லாண்ட்மாஸ்டர் உழவு மிசின் பள்ளத்தில இறங்கிற மாதிரி இருக்கு" என்றான்.

"பங்க் அடிக்கிற ஆக்கள் ஏன் நாட்டுப்பாட்டுக்குப் போனவை தெரியுமோ?" நிருஷன் கேட்டான். "ரெண்டுக்கும் பிடி மூண்டுதான். ஒராள் பாட, மிச்சச் சனம் சேர்ந்து கத்துறதும் ரெண்டிலயும் இருக்கு. ரெண்டும் படிக்காத சனத்தின்ர பாட்டு."

"படிக்காத சனம் எண்டு ஆரைச் சொல்லுறாய்?" நிரோஜா கேட்டாள்.

நிருஷன் அடுத்த பாட்டைப் போட்டான். விதுசன் பேஸ் கிற்றாரின் கம்பியை முறுக்கினான்.

ஆனால் நிருஷன் சொன்னது அவளுக்குள் வேலை செய்தது. கும்மிப் பாட்டில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். வேம்பின் கீழ் நின்ற பெண்கள் செய்ததும் அதைத்தான். கோடையில் தண்ணீர் பௌசர் வண்டி வரும்போது குடியிருப்பில் நடக்கும் ஓட்டத்தை வைத்து அவள் ஒரு பாட்டுக் கட்டினாள். 'பௌசர் வருது' என்று அவள் சொல்ல, 'வாளி எடு' என்று மூன்று பையன்களும் கத்த வேண்டும். கும்மியின் கைதட்டலை ஜனகன் ட்ரம்மில் வைத்தான். கிற்றார் மட்டும் பழையபடி இரைந்தது. அதைப் பாடத் தொடங்கிய பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலியில் வந்து நின்றார்கள்.

பயிற்சி முடிந்ததும் நிருஷனின் தாய் இராசமலர் தேநீர் அனுப்புவார். நிருஷனுக்கும் விதுசனுக்கும் கண்ணாடிக் கிளாஸில் வரும். நிரோஜாவுக்கும் ஜனகனுக்கும் கடதாசிக் கப்பில் வரும். சிற்றம்பலத்தார் குடும்பம் குளத்து நீர்ப்பாசனத் திட்டத்தோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்ற குடும்பம். நிரோஜாவின் தகப்பன் சங்கிலி சிறுவனாக இருந்தபோது, எழுபத்தேழு இனக்கலவரத்துக்குப் பிறகு, மாத்தளைத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். வளர்ந்த நாள் முதல் சிற்றம்பலத்தாரின் வயலில் வேலை செய்தார். இராசமலர் தன்னிலும் மூத்தவரான அவரைச் சங்கிலி என்றுதான் கூப்பிடுவார். அவர் அந்த அம்மாவை அம்மா என்பார்.

"கப்பைப் பாத்தியா?" என்று ஒரு நாள் நிரோஜா நிருஷனிடம் கேட்டாள்.

அவன் பார்த்தான். அதுவரை அவன் பார்த்ததில்லை. முகம் சிவந்து வீட்டுக்குள் போனான். உள்ளே தாயும் மகனும் சத்தமாகக் கதைப்பது கேட்டது. அடுத்த ஞாயிறு நான்கு பேருக்கும் கடதாசிக் கப்பில் தேநீர் வந்தது. ஜனகன் அதைப் பார்த்து நெடுநேரம் சிரித்தான். நிரோஜா குடித்துவிட்டுக் கப்பை நசுக்கி எறிந்தாள்.

அடுத்து வந்த மாசி வளர்பிறையில் குடியிருப்பில் காமன் கூத்து நடந்தது. தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த கூத்து அது. சிவன் நெற்றிக்கண்ணால் மதனை எரிக்கிறார். மதனின் பெண்சாதி ரதி புருசனைத் திருப்பிக் கேட்டு அழுகிறாள். ரதி வேடம் போடுபவனும் ஆண்தான். நிரோஜா சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வந்தவள். அந்த வருடம் ரதியின் அழுகையைக் கேட்டபோது, அது அழுகையே இல்லை, வழக்குப் பேசுவது என்று அவளுக்குப் பட்டது. ரதி கெஞ்சவில்லை. எங்கே வைத்திருக்கிறாய், சொல் என்று சிவனைக் கேட்கிறாள்.

ஞாயிறு அந்த மெட்டைக் கொட்டிலில் பாடிக் காட்டினாள். முதலில் எதுவும் பொருந்தவில்லை. ஜனகன் வேகமாக அடித்தால் அவளுடைய இழுவை அறுந்தது. அவன் மெல்ல அடித்தால் பாட்டு செத்த வீட்டுக்குப் போய்விட்டது. சில வாரங்கள் இப்படியே போயின. ஒரு நாள் விதுசன், "அக்காவை விடுங்கோ. அவா தன்ர பாட்டுக்கு இழுக்கட்டும். நாங்கள் ஓடுவம்" என்றான். அப்படியே செய்தார்கள். ட்ரம்மும் கிற்றாரும் தலைதெறிக்க ஓடின. அவளுடைய குரல் மேலே அவசரமில்லாமல் போனது. ஒவ்வொரு வரி முடிவிலும் அழுகிறவள் மூச்சை உள்ளே இழுக்கும் இடத்தில் எல்லா வாத்தியமும் நின்றது. அந்த மூச்சு மட்டும் மைக்கில் கேட்டது. பிறகு எல்லாம் திரும்ப விழுந்தன. நிருஷன் கிற்றாரைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

வீட்டில் தாய் பேச்சியம்மாவுக்கு இது பிடிக்கவில்லை.

"ரதி பாட்டக் கண்ட நேரத்துல பாடக் கூடாது பிள்ள. வெரதம் இருந்து பாடுறது அது."

"அம்மா, ரதி பாட்டு இல்ல. சொல்லெல்லாம் நான் கட்டினது."

"என்னா சொல்லு?"

நிரோஜா அடுப்பங்கரையில் நின்று, தாளமில்லாமல், மெல்லப் பாடினாள். பேச்சியம்மாவின் தம்பி செல்லமுத்து யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். பேச்சியம்மா அவருடைய படத்தைக் கொண்டுபோய் வீதியோரப் போராட்டப் பந்தலில், பிள்ளைகளைத் தேடும் தாய்மாரோடு இருந்துவிட்டு வருவாள். 'எரிச்சிருந்தால் சாம்பல் எங்க, ஒளிச்சிருந்தால் வாசல் எங்க' என்று பாட்டுத் தொடங்கியது.

பேச்சியம்மா கேட்டு முடித்தாள். கறிச்சட்டியை இறக்கி வைத்தாள்.

"அவன் பேரு வரல்லையே."

"போடேல்ல அம்மா. நீங்க ஏசுவீங்க எண்டு."

"பேரப் போடு."

அப்படித்தான் 'செல்லமுத்து' என்ற பெயர் அந்தப் பாட்டின் நடுவில் வந்தது. அவள் வரியை முடிக்க, மூன்று பையன்களும் அந்தப் பெயரைக் கூவினார்கள். பிறகு பேச்சியம்மா விரதத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.

சங்கடம் தப்பு என்ற பறையால் வந்தது. ரதியின் பாட்டுக்குக் கூத்தில் தப்பு அடிப்பார்கள். ஜனகன் அந்த அடியைத்தான் ட்ரம்மில் கொண்டுவந்திருந்தான். வவுனியாவில் ஒரு கலைக் கழகம் இளைஞர் இசை நாளுக்கு அவர்களையும் அழைத்தபோது, மேடையில் உண்மையான தப்பே வேண்டும் என்று நிருஷன் நின்றான்.

"வெளியில உள்ள குழுக்கள் எல்லாம் தங்கட சனத்தின்ர வாத்தியத்தோடதான் ஏறுதுகள். இது எங்கட வேர், அக்கா."

"உங்கட வேரோ?" என்றாள் நிரோஜா.

இருந்தாலும் வீட்டுக்குப் போய்த் தகப்பனிடம் கேட்டாள். சங்கிலியின் தகப்பன் தோட்டத்தில் தப்படித்தவர். காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடவும் அடிப்பார், சாவுக்கும் அடிப்பார். வன்னிக்கு வந்த பிறகு காணிக்காரர் வீட்டுச் செத்த வீடுகளுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். இளந்தாரிச் சங்கிலியும் கூடப் போனார். பிறகு ஒரு நாள் சங்கிலி அதை விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. அன்று சொன்னார்.

"ஒரு சாவு வீட்டுல அடிச்சிக்கிட்டு நிக்கிறோம். மழ வந்திருச்சி. எல்லாரும் பந்தலுக்குள்ள போயிட்டாங்க. நாங்களும் ஒதுங்கப் போனா, உள்ளுக்கு வராத, அடிய நிப்பாட்டவும் வேணாம்னு சொன்னாங்க. நனஞ்ச தப்பு சத்தம் கேக்குமா? கேக்காது. இருந்தாலும் அடிச்சோம். எங்கப்பாவும் நானும்."

"ஆர் வீட்டில?"

சங்கிலி வேலிப் பக்கம் பார்த்தார். "நிருஷன் தம்பியோட தாத்தா சாவு."

மகள் பக்கம் திரும்பி, "கூத்துல அடிக்கட்டும், அது சாமிக்கு. அந்தப் பொடியன் மேடையில என் புள்ள தப்பு அடிக்கப்படாது. அத மட்டும் சொல்லிப்புட்டேன்" என்றார்.

நிரோஜா வாக்குக் கொடுத்தாள். மேடையில் தப்பு வராது, அப்படியென்றால் நீங்கள் வந்து பார்ப்பீர்களா என்று கேட்டாள். பார்ப்போம் என்றார். நிருஷனிடம் தப்பு வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. அவன் சரியென்று தலையாட்டினான்.

இசை நாளன்று பிற்பகல் மண்டபத்தின் பின்பக்கத்தில் வான் வண்டியிலிருந்து சாமான்களை இறக்கினார்கள். ட்ரம்ஸுக்கு அடியில் துணியால் சுற்றிய வட்டமான ஒன்று இருந்தது. நிரோஜா துணியை நீக்கினாள். தப்பு. புதுத் தோல்.

"சும்மா கொண்டுவந்தனான்" என்றான் நிருஷன். "ஜனகன் கடைசிப் பாட்டுக்கு மட்டும் ஒருக்கா..."

ஜனகன் நிலத்தைப் பார்த்தான். அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது.

நிரோஜா கத்தவில்லை. அவளுடைய குரல் தணிந்ததை அந்தப் பையன்கள் அன்றுதான் முதல்முறை கேட்டார்கள். மழையையும் பந்தலையும் நனைந்த தோலையும் சொன்னாள். யார் வீடு என்பதையும் சொன்னாள். பிறகு தப்பைத் தூக்கி நிருஷனிடம் நீட்டினாள்.

"வேர் எண்டால் நீ அடி. உன்ர அம்மா முன்வரிசையில இருக்கிறா. அவா பாக்கத்தக்கதா, கழுத்தில கொழுவிக்கொண்டு நீ அடி. நான் பாடுறன்."

நிருஷன் உடனே வாங்கிக்கொண்டான். வாரைத் தோளில் மாட்டினான். திரை இடுக்கால் மண்டபத்துக்குள் பார்த்தான். இராசமலர் மாமன்மாரோடு முன்வரிசைக் கதிரையில் இருந்தார். அவன் அங்கேயே நின்றான். மேடையில் யாரோ ஒருவர் சினிமாப் பாட்டைப் பாடி முடிக்க, கைதட்டல் கேட்டது. அவன் வாரைக் கழற்றி, தப்பைத் துணியால் சுற்றி, வானுக்குள் கொண்டுபோய் வைத்தான். திரும்பி வந்து கிற்றாரைச் சுருதி பார்க்கத் தொடங்கினான். அது சரிவரவில்லை. விதுசன் வாங்கிச் சரிசெய்து கொடுத்தான்.

கிறவல் குழு மூன்று பாட்டுகள் பாடியது. முதற்பாட்டின்போது முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். 'வாளி எடு' என்பதற்குப் பின்வரிசைப் பிள்ளைகள் சேர்ந்து கத்தினார்கள். கடைசிப் பாட்டில் மண்டபம் அமைதியாயிற்று. வரி முடிவில் வாத்தியங்கள் நின்று அவளுடைய மூச்சு மட்டும் கேட்டபோது, பாட்டு முடிந்துவிட்டதென்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். பிறகு 'செல்லமுத்து' என்ற பெயர் விழுந்தது. பேச்சியம்மா கதிரையிலிருந்து எழுந்து நின்றாள். கடைசி வரை நின்றாள்.

சங்கிலி அந்தப் பாட்டின் நடுவில் வெளியே போய்விட்டார். நிரோஜா மேடையிலிருந்து அதைக் கண்டாள். பிறகு தேடியபோது அவர் பஸ் நிலையப் பக்கம் கச்சான் கடலை விற்பவனோடு கதைத்துக்கொண்டு நின்றார்.

"ஏனப்பா வந்திட்டீங்க?"

"சத்தம் காதக் கிழிச்சிருச்சி" என்றார். கச்சான் சுருளை அவளிடம் கொடுத்தார்.

ட்ரம்மில் வந்த அந்தத் தப்படியை அவர் அடையாளம் கண்டாரா இல்லையா என்பது அவளுக்கு இன்றும் தெரியாது.

யாரோ போனில் எடுத்த காணொளி பரவியது. நல்லதும் கெட்டதுமாகச் சனம் எழுதியது. தோட்டத்திலிருந்து வந்த அவளுடைய ஆட்களைக் குறித்து எப்போதும் சொல்லப்படும் வசவை எழுதியவர்களும் இருந்தார்கள். இது ஆம்பிளைக் குரலா பொம்பிளைக் குரலா என்று ஒருவர் கேட்டிருந்தார். நிரோஜா அதற்கு மட்டும் பதில் போட்டாள்: 'ரெண்டு பேரையும் பயப்படுத்தும்.' அந்த நாட்களில் வவுனியாப் பக்கத்திலிருந்து பேசி வந்த ஒரு சம்பந்தம், காணொளியைப் பார்த்த பிறகு நின்றுபோனது. பேச்சியம்மா அதற்காக ஒரு மாதம் மகளோடு சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. செல்லமுத்துவின் பெயரைப் போடச் சொன்னது தானே என்பதை மகள் ஒருநாள் ஞாபகப்படுத்தியபோது, "பேரப் போடச் சொன்னேன், அந்த மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பாடச் சொன்னேனா?" என்றாள். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

தொழிற்சாலையில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. சாப்பாட்டு நேரத்தில் சில பெண்கள் 'ஒரு நாள்' பாடச் சொல்லிக் கேட்பார்கள். அவள் சாப்பிட்டுக்கொண்டே தலையை ஆட்டி மறுப்பாள். அடுத்த மாசியில் குடியிருப்புப் பையன்கள் காமன் கூத்துப் பழகும்போது ரதியின் அழுகையைக் காணொளியில் வந்த வேகத்தில் பாடிப் பார்த்தார்கள். கூத்து மாஸ்டர் தடியோடு எழுந்து வந்தார்.

நிருஷனும் நிரோஜாவும் இசை நாளன்று வானுக்குப் பக்கத்தில் நடந்ததைப் பற்றிப் பிறகு ஒருபோதும் கதைக்கவில்லை. ஆனால் ஒரு காலைப்பொழுதில் அவன் தனியாக வந்து சங்கிலியின் முற்றத்தில் நின்றான். ஐயா, ஒரு கதை, என்றான். சங்கிலி கதிரையைக் காட்டினார். அவன் இருந்தான். வயலுக்குத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்பது பற்றி இருவரும் கதைத்தார்கள். போகும்போது பேச்சியம்மா கொடுத்த தேநீரைச் சில்வர் டம்ளரில் குடித்துவிட்டுப் போனான்.

பிறகு அவன் வெளிநாடு போனான். அவனுடைய வயதுப் பையன்கள் பலர் அப்போது ருமேனியாவுக்கு வேலைக்குப் போனார்கள், அவனும் போனான். கடையைப் பூட்டி, கிற்றாரை விதுசனிடம் கொடுத்தான். தப்பை ஜனகன் கூத்துக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். சிற்றம்பலத்தார் கொட்டில் பூட்டின் திறப்பைத் திருப்பிக் கேட்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. விதுசன் கிற்றாருக்கு மாற, பேஸ் இல்லாமல் மூன்று பேராகக் குழு தொடர்ந்தது. தண்ணீரூற்று என்ற ஊரில் ஒரு மாதர் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குப் போனார்கள், கிளிநொச்சியில் ஒரு மேடைக்குப் போனார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் எழுந்து போவது வழக்கமாகிவிட்டது. மற்றப் பாதி நிற்பதும் வழக்கமாகிவிட்டது. நிரோஜாவுக்கு இப்போது இருபத்தொன்பது வயது. தொழிற்சாலையில் அவளைக் கழுத்துப்பட்டியிலிருந்து கைப்பட்டிக்கு மாற்றியிருக்கிறார்கள். யானை வந்து தென்னம்பிள்ளை முறித்ததைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறாள். யானையின் பக்கத்து நியாயத்தை எந்த மெட்டில் வைப்பதென்று இன்னும் பிடிபடவில்லை.

சென்ற மாதம் நிருஷன் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். அவன் வேலை செய்யும் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வைபவத்தில் எடுத்தது. பிடில்களும் மின்கிற்றாரும் அடிபிடிபட்டு ஓட, அவற்றுக்கு மேலே ஒரு பெண் தொண்டை கிழிய இழுத்தாள். ஜனகனும் நிரோஜாவும் முற்றத்தில் குந்தியிருந்து, போனை ஒரு வெற்று வாளிக்குள் வைத்துச் சத்தத்தைக் கூட்டிக் கேட்டார்கள். மாட்டுக்குப் புல்லுக் கட்டோடு வந்த சங்கிலி அதை இறக்காமலே நின்றார்.

"யாரு செத்தா?"

"ஒருத்தரும் இல்லையப்பா. கலியாண வீடாம்."

"கலியாண வீட்டுலயா இப்பிடி அழுவுறாங்க?"

"பொண்ணு வீட்டுக்காரங்களா இருக்கும்" என்று பேச்சியம்மா உள்ளேயிருந்து சொன்னாள்.

சங்கிலி பாட்டு முடியும்வரை அப்படியே நின்று கேட்டார். பிறகு புல்லுக் கட்டோடு மாட்டுக் கொட்டில் பக்கம் நடந்தார். ஜனகன் பதிவை முதலிலிருந்து போட்டான்.